மேட்டுக்கு அந்தப் பக்கம் படம் தெரியாது

போடியில் கால்பந்துப் பேச்சு என்றால் அது மலையிலிருந்து இறங்கி வந்த பேச்சு. ஊருக்குள் கபடி உண்டு, கிரிக்கெட் உண்டு. பந்தை உதைக்கிற பைத்தியம் மட்டும் மேலே இருந்துதான் வந்தது. விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப்போய்ப் பொழுது சாயத் திரும்பும் ஏலத்தோட்டத்து ஆட்கள், சம்பளம் வாங்கிய கையோடு சாமான் வாங்க இறங்கும் மூணாறுத் தேயிலைத் தோட்டத்துச் சொந்தக்காரர்கள், மூட்டை ஏற்றிவரும் லாரிக்காரர்கள் என்று பலர் வாய்வழியாக, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அது எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் சித்தப்பா மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் எனக்கு வாசம் அங்கேதான். ஏலத்தோட்டத்தில் சமதரை என்று ஒன்று கிடையாது. எல்லாம் சரிவு, எல்லாம் நிழல், காலடியில் மக்கிய இலை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால், காய் கொட்டித் தரம் பிரிக்கும் களம் ஒன்றுதான் ஓடி விளையாடத் தோதான இடம். அதன் இரண்டு முனையிலும் மூங்கில் நட்டால் கோல் போஸ்ட். பந்து களத்தைத் தாண்டினால் ஓடையில்தான் போய் நிற்கும். அதை எடுத்து வருகிறவன் கால் முழுக்க அட்டையோடு வருவான். சித்தி ஒரு துணியில் உப்பை முடிந்து வாசல் ஆணியில் தொங்கவிட்டிருப்பார். அதைத் தண்ணீரில் நனைத்து அட்டைமேல் வைத்து ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி ஓடுவோம். மழையில் ஊறிய தோல்பந்து கனத்துப்போய், தலையால் முட்டினால் காதுக்குள் ரீங்காரம் கேட்கும். தையல் விட்டுப்போனால் சித்தப்பா அதைப் பையில் போட்டுக் கீழே அனுப்புவார். போடி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்புத் தைக்கிற பெரியவர் நூலில் மெழுகை இழுத்து இழுத்துத் தேய்த்து, ஒவ்வொரு கண்ணியாக இறுக்கி, கடைசி முடிச்சைத் தோலுக்குள்ளே தள்ளி மறைத்துக் கொடுப்பார். முடிச்சு வெளியே தெரிந்தால் முட்டுகிறவன் நெற்றி கிழியும் என்பது பந்து ஆடாத அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மலையில் டிவி பார்ப்பது எப்படி இருந்தது என்று இப்போது உள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கொடைக்கானல் டவரிலிருந்து வருகிற தூர்தர்ஷன் படம் போடிமெட்டு மேட்டின் கிழக்குப் பக்கம் வரைக்கும் வரும். போடியைப் பார்த்த முகமாக நின்றால் முகம் தெரியும், சட்டை எண் தெரியும். மேட்டைத் தாண்டி நாலு வளைவு மேற்கே இறங்கினால் புள்ளி மழை. குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருந்து கேட்கும். எந்த அதிகாரியும் போடாத தடை அது. மலை தானாகப் போட்ட தடை. அதனால் முக்கியமான ஆட்டம் என்றால் மேற்குச் சரிவில் இருக்கும் தோட்டத்து ஆட்களெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டார்ச் லைட்டோடு மேடு ஏறி வருவார்கள்.

1990 ஜூலை 8, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. இத்தாலி உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நம்ம நேரத்துக்குப் பதினொன்றரை மணிக்கு. சாரலும் காற்றும் சேர்ந்து அடித்ததில் எங்கேயோ மரம் விழுந்து கரண்டு போய்விட்டது. மேட்டு டீக்கடை அண்ணன் அசரவில்லை. ஜீப்பிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லி, பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் கொக்கி மாட்டினார். அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் அத்தனை பேர். முன்வரிசை உட்கார, நடுவரிசை முழங்காலில், பின்வரிசை பெஞ்சு மேல். மலையாளத்துச் சேட்டன்மாரும் நம்ம ஆட்களும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். பிரேமே பெனால்டியை அடித்து மேற்கு ஜெர்மனி ஜெயித்தது. மரடோனா அழுததைப் பார்த்து, வாழ்நாளில் அர்ஜென்டினா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டறியாத ஒரு கங்காணி மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார். “காசு கொடுத்துப் பாத்தவன்கூட இப்படி அழுதிருக்க மாட்டான்டா” என்றார் சித்தப்பா. அந்த வாக்கியம் இத்தனை வருஷம் என்னோடு வந்துவிட்டது.

எங்கள் மலைக்கு இந்த ஆட்டம் எப்படி வந்தது என்று யோசித்தால் அது தேயிலையோடு வந்தது. மூணாறில் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரைமார் விளையாடினார்கள். பார்த்துக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளி கற்றுக்கொண்டான். அந்தத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளி உலகத்துக்குப் போனது. சரக்கு கீழே வந்த வழியிலேயே ஆட்டமும் வந்தது என்று சித்தப்பா சொல்வார். தோட்டக் கம்பெனியின் பெயரில் ஃபின்லே ஷீல்டு என்று ஒரு போட்டி 1940-களில் மூணாறில் தொடங்கியது. நல்லதண்ணி, குண்டுமலை, மாட்டுப்பட்டி என்று எஸ்டேட்டுக்கு எஸ்டேட் அணி. ஆடுகிறவன் கொழுந்துக் கூடை எடை போடுகிறவன், மருந்து அடிக்கிறவன், ஃபாக்டரியில் வேலை செய்கிறவன். பார்க்கிறவர்கள் அவன் பெண்டாட்டி பிள்ளைகள், எதிர் அணியின் மாமன் மச்சான்கள். கம்பெனி கைமாறியது. ஃபின்லே போய் டாடா வந்து, 2005-ல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக இருக்கும் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி வந்தது. ஷீல்டு மட்டும் பேர் மாறாமல் இருந்தது.

1956-ல் மாநில எல்லை பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. மேட்டில் இந்தப் பக்கம் ஒரு செக்போஸ்ட், அந்தப் பக்கம் ஒரு செக்போஸ்ட். அதனால் எங்கள் ஆட்களுக்கு “எந்த டீமுக்குடா நீ?” என்பது லேசான கேள்வியாக இருந்ததில்லை. 1992-ல் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கோயம்புத்தூரில் நடந்தது. கேரளா கோவாவை ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. ஆட்டம் நடந்தது தமிழ்நாட்டு மண்ணில், ஜெயித்தது கேரளா, கொண்டாடியது போடிமெட்டில் இருந்த தமிழ்க் கூலித் தொழிலாளி. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டு கேரளா, சந்தை போடி என்று வாழ்ந்தவர்களுக்கு அதில் குழப்பமே இல்லை. தினமும் எந்த அணியின் ஆட்டத்தைக் கேட்கிறார்களோ, பார்க்கிறார்களோ, அது அவர்களுடைய அணி.

தோட்டத்துக்குள் இருந்த எங்கள் அணிக்கும் ஒரு முதலாளி இருந்தார். போடியில் வீடு, மலையில் தோட்டம். பந்துமேல் ஆசை கொண்ட மனுஷர். ஒரு வருஷம் எல்லோருக்கும் பூட்ஸும் பச்சைக் கலர் ஜெர்சியும் எடுத்துக் கொடுத்தார். ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆளுக்கு ரெண்டு முட்டை. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் போட்டிக்கு வெளியூரிலிருந்து இரண்டு பையன்களைக் கூட்டிவந்து வேலை கொடுத்து ஆட வைத்தார். அன்றைக்கு ஸ்டோரில் ராத்திரி முழுக்க, இந்தச் செலவு சரியா என்ற வாதம்தான். ஏலக்காய் உலரும் ஸ்டோரில் விடிய விடிய அடுப்பு எரிய வேண்டும், சூடு குறையாமல் ஒருவர் விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வெதுவெதுப்பில், பச்சை ஏலத்தின் வாசம் மூக்கில் ஏற, தூக்கம் வராமல் இருக்கப் பேசிய பேச்செல்லாம் பந்துப் பேச்சு.

“மொதலாளி பூட்ஸுக்குப் போட்ட காசுல ரெண்டு லயத்துக்குத் தகரம் மாத்தியிருக்கலாம். மழை பேஞ்சா வீட்டுக்குள்ள குடை பிடிக்கிறோம்.”

“பந்து இல்லேன்னா பயலுக எங்க கெடப்பாய்ங்க தெரியும்ல? சாராயத்துக்குப் போறதைவிட இது தேவலாம்ணே.”

“அதுக்காக வெளியூர்க்காரனுக்கு வேலையா? நம்ம பய பந்து பொறுக்கவா இருக்கான்?”

பகலெல்லாம் குனிந்து காய் எடுத்து, விரலெல்லாம் கறை ஏறிய கையோடு கஞ்சி கொண்டுவந்த சித்தி, வாசலில் நின்றபடியே ஒரு வார்த்தை சொன்னார். “வெளாட்டுக்குச் செலவழிக்கட்டும், வேணாங்கல. அவரு காசுலருந்து செலவழிக்கிறாரா, எங்க கூலில பிடிச்சு செலவழிக்கிறாரா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க.” அத்தனை ஆம்பளைகளும் பேசாமல் இருந்தார்கள். விளையாட்டுப் பொருளாதாரம் பற்றி அதற்குப் பிறகு நான் படித்தது எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வந்தது.

பிறகு 1997 வந்தது. கொச்சியில் எஃப்சி கொச்சின் என்று ஒரு கிளப். அதுவரை நம் ஊர்ப்பக்கம் அணி என்றால் ஏதாவது ஓர் ஆபீஸ்தான். கேரளா போலீஸ், திருவனந்தபுரம் டைட்டானியம், சென்னை இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப். ஆடுகிறவன் அரசாங்க உத்தியோகஸ்தன். கால் உடைந்தாலும் மாதச் சம்பளம் வரும். எஃப்சி கொச்சின் அப்படி இல்லை. சம்பளத்துக்குப் பந்தாடும் தொழில்முறை கிளப். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்று வளர்ந்த ஐ.எம். விஜயன் அங்கே வந்தார். ஜோ பால் அஞ்சேரி வந்தார். கார்ல்டன் சாப்மன் வந்தார். எங்களுக்கு அவர்கள் எல்லோரையும்விடப் பெரிய சந்தோஷம் நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன் அந்தச் சட்டையைப் போட்டது. முதல் வருஷமே டியூராண்ட் கோப்பையை எடுத்தார்கள். 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் ராமன் விஜயன். மேட்டு டீக்கடையில் மலையாள மனோரமாவின் விளையாட்டுப் பக்கத்தை ஒரு சேட்டன் உரக்கப் படிப்பார், நாங்கள் பாதி புரிந்தும் பாதி ஊகித்தும் கேட்போம். கலூர் மைதானத்துக்கு ஒரு தடவை ராத்திரி பஸ்ஸில் கூட்டமாகப் போனோம். அடிமாலி, கோதமங்கலம் எல்லாம் தூக்கத்தில் போயின. மைதானத்தில் ஐ.எம். விஜயன் ரொம்பத் தூரத்தில் இருந்தார். ஆனாலும் அவர் நெஞ்சில் பந்தை வாங்கிக் கீழே இறக்கிய விதத்தில் எங்கள் வரிசை முழுக்க எழுந்து நின்றது.

அந்தக் கிளப் செலவழித்த விதத்தைப் பற்றி ஸ்டோரில் மறுபடி வாதம். எங்கள் ஆட்களுக்குக் கணக்கு ஏலக்காய்க் கணக்கு. விலை உச்சத்தில் இருக்கிற வருஷம், அடுத்த வருஷமும் இதே விலைதான் என்று நம்பி வட்டிக்கு வாங்கி வீடு கட்டுகிறவனை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். “இதும் அப்படித்தான் முடியும், பாரு” என்றார் சித்தப்பா. அப்படித்தான் முடிந்தது. டிக்கெட் காசும் விளம்பரக் காசும் சம்பளத்துக்குப் போதவில்லை. பாக்கி நின்றது. 2002-க்குள் கிளப் மூடப்பட்டது. மேட்டில் இருந்த பையன்கள் அந்த அணியின் சட்டை வாங்கி ஐந்து வருஷம் ஆகியிருக்கவில்லை.

பணத்துக்கும் படத்துக்கும் உள்ள முடிச்சு எனக்குப் பளிச்சென்று தெரிந்தது 2011-ல். பஞ்சாபின் ஜேசிடி, முதல் தேசிய லீக்கை ஜெயித்த அணி, கலைக்கப்பட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் மஹிந்திரா யுனைடெட் போனது. ஆட்டங்கள் டிவியில் போதுமான அளவு வருவதில்லை, யாரும் பார்க்காத அணிக்குக் காசு போடுவதில் அர்த்தம் இல்லை என்பது ஜேசிடி சொன்ன காரணங்களில் முக்கியமானது. முதலாளி செலவை நிறுத்துவதற்கும், படம் தெரியாமல் போவதற்கும் இடையில் இருப்பது ஒரே கயிறுதான்.

தேசிய லீக்கின் வழிவந்த ஐ-லீக், 2018-19 பருவத்தில் அதை என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. சென்னை சிட்டி எஃப்சி பெயரில் சென்னை இருந்தாலும் ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து பெட்ரோ மான்சி, நெஸ்டர், சான்ட்ரோ. அவர்களோடு நம்ம எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரெஜின், ரொமாரியோ. மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல். சித்தப்பாவின் பேரன் உட்பட எங்கள் வீட்டுப் பையன்கள் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். அதே பழைய வாதம் புதுத் தலைமுறை வாயில். “ஸ்பெயின்காரனுக்குக் கொட்டுற காசுல நம்ம மாவட்டத்துக்கு ஒரு அகாடமி வைக்கலாம்ல, சித்தப்பா?” என்று ஒருவன் என்னிடம் கேட்டான். “அவன் கூட ஆடித்தான்டா நம்மாளு கத்துக்கிறான்” என்று இன்னொருவன்.

வாதம் சூடு பிடிக்கும்போதே படம் போயிற்று. பருவத்தின் நடுவில், மிச்சமிருந்த ஆட்டங்களில் ஒரு பகுதியை மட்டும்தான் காட்டுவது என்று ஒளிபரப்பு நிறுவனம் முடிவு செய்தது. ஐ-லீக் கிளப்புகள் கோபப்பட்டுக் கூட்டாக எதிர்த்தன. லீக்கில் முதலிடத்தில் இருக்கும் தமிழ்நாட்டு அணியின் ஆட்டத்தைத் தமிழ்நாட்டில் ஒருவன் பார்க்க முடியாத சனிக்கிழமைகள் வந்தன. அன்றைக்கு என் மனசு நேராக மேட்டுக்கு மேற்கே, அந்தப் புள்ளி மழைக்குப் போய்விட்டது. மலை மறைத்தபோது ஏறிப் போய்ப் பார்த்தோம். ஒப்பந்தம் மறைத்தால் எந்த மேட்டில் ஏறுவது?

உள்ளூர்க்காரன் கண்ணை மறைப்பது உலகத்தில் புதுசு இல்லை. இங்கிலாந்தில் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை நேரடியாகக் காட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு 1960-களில் வந்தது. பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்டு, டிவியில் காட்டினால் மைதானத்துக்கு யார் வருவான் என்று மற்ற முதலாளிகளைச் சம்மதிக்க வைத்தார். அது இன்னமும் நடப்பில் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் 1973-லிருந்து இன்னொரு விதி: 72 மணி நேரத்துக்கு முன்பே டிக்கெட் எல்லாம் விற்றுத் தீராவிட்டால், அந்த ஊர்ப் பகுதிக்கு மட்டும் ஆட்டம் இருட்டு. தூரத்து ஊரில் இருப்பவன் பார்க்கலாம், பக்கத்துத் தெருக்காரன் பார்க்க முடியாது. 2015-ல்தான் அதை நிறுத்தி வைத்தார்கள். அவர்களுக்காவது சொல்ல ஒரு காரணம் இருந்தது. மைதானத்தை நிரப்ப வேண்டும். போடியிலிருக்கும் பையனுக்குக் கோவை மைதானம் ஒரு பகல் பயணம். அவன் கண்ணை மறைத்ததால் கோவையில் ஒரு நாற்காலிகூடக் கூடுதலாக நிரம்பியிருக்காது.

2019 மார்ச் 9-ம் தேதி, கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, சென்னை சிட்டி சாம்பியன் ஆனது. முதலில் கோல் வாங்கிப் பின்தங்கி, மான்சி பெனால்டியில் சமன் செய்து, கௌரவ் போரா இரண்டு அடித்து முடித்த ஆட்டம். அதே வருஷம் ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாய் தொட்டது. போடியில் அப்படி ஒரு வருஷத்தை யாரும் கண்டதில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இரண்டு வருஷத்தில் ஏலக்காய் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. 2020-21 பருவத்துக்குப் பிறகு சென்னை சிட்டி களத்தில் இல்லை. ஏலக்காய் விலை மறுபடி ஏறிவிட்டது. அணி திரும்பவில்லை. கோப்பை ஜெயித்த ஓர் அணி இரண்டே வருஷத்தில் இல்லாமல் போனதை என் வீட்டுப் பையன்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்தேன். அழவில்லை, கோபப்படவில்லை. மான்செஸ்டர் சட்டைக்கு மாறிவிட்டார்கள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

பிறகு கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸின் ரசிகர்கள், மஞ்சப்பட என்ற பெயரில் திரண்டவர்கள், நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிட்டு நிர்வாகம் அணிக்குச் செலவழிப்பதில்லை என்று 2025 தொடக்கத்தில் கலூரிலேயே குரல் எழுப்பினார்கள். அதே வருஷம், 2010-ல் எழுநூறு கோடிக்குப் பதினைந்து வருஷத்துக்குப் போட்ட ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் முடிகிற நிலையில், அடுத்து என்ன என்று தெரியாமல் நாட்டின் முதன்மை லீக்கான ஐஎஸ்எல் வழக்கமான மாதத்தில் தொடங்கவே இல்லை. பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்திவைத்தது. ஒப்பந்தத்துக்கு நாள் குறைந்தால் முதலாளி கை மூடுகிறது, கை மூடினால் ஆட்டம் நிற்கிறது. எஃப்சி கொச்சினிலும் ஜேசிடியிலும் பார்த்ததுதான் இதுவும்.

இத்தனைக்கும் நடுவில் மூணாறில் எஸ்டேட் அணிகளின் ஆட்டம் நிலைத்தது எதனால்? அந்த அணிகளுக்குப் பெரிய முதலாளி தேவைப்படவில்லை. ஆடுகிறவனுக்கு வேறு வேலை இருக்கிறது, பார்க்கிறவனுக்கு அவனைத் தெரியும், மைதானம் ஊர் நடுவில் திறந்து கிடக்கிறது. ஜெர்மனியில் கிளப்பின் ஓட்டு உரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய பணக்காரர் வந்தாலும் அணியை லேசில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. எங்கள் சித்தி ஸ்டோர் வாசலில் நின்று கேட்டதும் அந்த விதியின் சாரம்தான். யார் காசு, யாருக்குக் கணக்கு.

சித்தப்பாவும் இல்லை, சித்தியும் இல்லை. அந்தத் தோட்டம் கைமாறி, களத்தில் இப்போது கரண்டில் ஓடும் உலர்த்தி நிற்கிறது. பந்தாட இடம் இல்லை. போனதைத் திருப்பிக் கேட்க முடியாது. வரப்போவதைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் அடுத்து ஒரு பணக்காரர் அணி தொடங்கிச் சட்டை கொடுக்க வரும்போது, கைதட்டுவதற்கு முன்னால் ரசிகர்கள் அவரிடம் இரண்டு வாக்குறுதி எழுதி வாங்க வேண்டும். வருஷா வருஷம் கணக்கை எங்களுக்குக் காட்ட வேண்டும். எங்கள் ஊர் அணியின் எந்த ஆட்டமும் எங்கள் ஊரில் இருட்டாகக் கூடாது. இந்த இரண்டுக்கும் சம்மதிக்காதவர் எத்தனை மான்சிகளைக் கூட்டிவந்தாலும், அந்த அணிமேல் பிள்ளைகள் மனசு வைக்க நாம் விடக்கூடாது.